கல் பிடிக்கும் வரை

டைல்ஸ் மேஸ்திரிக்குத் தொழிலில் விழுந்த பெயர் ரசமட்டம். கட்டட வேலையில் மட்டம் பார்ப்பதற்கு, குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த சட்டம் ஒன்று இருக்குமே, அதுதான் ரசமட்டம். மேஸ்திரியின் பெட்டியிலும் ஒன்று கிடந்தது, ஆனால் அது வெயிலைப் பார்த்ததே இல்லை. பதித்த தரையில் மண்டிபோட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்து, இடது கண்ணால் நெடுக ஒரு பார்வை பார்ப்பார். "அந்த மூலையில ஒரு நூல் தூக்கல்" என்பார். ஒரு நூல் என்றால் கொத்தனார் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அளந்து பார்த்தால் ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும். வலது கண் வாலிபத்திலேயே கல் சில்லு தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணுள்ளவர்களையெல்லாம் குருடர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. தரை போட்டு முடித்ததும் வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைப்பார். கதவைப் பூட்டுவார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சாவி என்றால் வீட்டுக்காரருடைய சாவி. "கல்லு பிடிக்கணும். பிடிக்கிற வரைக்கும் ஈ எறும்பு மிதிக்கக் கூடாது" என்பார். மாற்றுச் சட்டை உள்ளே இருக்கிறது என்று கெஞ்சினாலும் சரி, முக்கியமான காகிதம் உள்ளே இருக்கிறது என்று கூத்தாடினாலும் சரி, காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு தடவை ஒரு பூனை உள்ளே மாட்டிக்கொண்டது. அதற்கும் கதவு திறக்கவில்லை. ஆனால் வேளை தவறாமல் தானே போய் ஜன்னல் வழியாகப் பால் கிண்ணத்தை நீட்டினார். கல் நெஞ்சக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது பாருங்கள்.

அவருக்குக் கீழே வேலை பார்த்தது மனைவியின் தம்பி. மச்சானுக்கு நாற்பது வயதாகிறது, தலையில் பாதி வழுக்கை. கலவை கலக்குவான், கல் வெட்டுவான், சுமப்பான். மட்டம் பார்க்க மட்டும் அவனை விட்டதே இல்லை. அவன் தப்பித் தவறித் தரையில் கன்னத்தை வைத்தால், "எழுந்திருடா, தூங்கறதுக்கா வந்த?" என்று மேஸ்திரி ஒரு அதட்டல் போடுவார்.

இப்படிப்பட்ட கண்ணுக்குத்தான் ஒரு நாள் கோளாறு வந்தது. காலையில் எழுந்ததும் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்குவது போல் இருந்தது. மேஸ்திரி முதலில் மனைவியைத் திட்டினார், கண்ணாடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று. கண்ணாடியைக் கழற்றினாலும் திரை போகவில்லை. அப்புறம்தான் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

கண் டாக்டரம்மா பொறுமைசாலி. "கண்ணுக்குப் பின்னாடி சுவத்துல விழித்திரைன்னு ஒண்ணு ஒட்டியிருக்கும். அதுல ஓட்டை விழுந்து, ஓட்டை வழியா தண்ணி உள்ள போயி, திரை சுவத்தை விட்டு எழும்பிடுச்சு" என்றார்.

மேஸ்திரிக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "அடியில தண்ணி இறங்கி கல்லு கழண்டுக்கிச்சு. தட்டினா டொக்குன்னு கேக்கும். அதானே?"

"அதேதான். ஆனா தட்டிப் பாக்காதீங்க."

ஆபரேஷன் செய்து, திரையை ஒட்டி, அது ஒட்டிக்கொள்ளும் வரை அமுக்கிப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். குமிழி மேலே எழும்பும் இல்லையா? ஆகவே முகத்தைக் கவிழ்த்துக் கிடந்தால்தான் அது பின்பக்கத்தை அமுக்கும். "குனிஞ்ச தலை நிமிரக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் கிடந்தார். அதற்கப்புறம் குமிழி சுருங்க ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு அதிசயத்தைக் கண்டார். பார்வையின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், கோடு சாயவில்லை. அந்தப் பக்கம் சாய்த்தார், அப்போதும் சாயவில்லை. கோடு தேங்கிய நீர் மாதிரி மட்டமாக நின்றது. வேறு யாராக இருந்தாலும் பேசாமல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி கவிழ்ந்து படுத்திருப்பார்கள். இவருக்கோ தலைகால் புரியவில்லை. கண்ணுக்குள்ளேயே ரசமட்டம்!

அந்த நேரம் பார்த்து மச்சான் போன் செய்தான். பள்ளிக்கூடம் ஒன்றின் முன்கூடத்தில் சுவரில் கல் பதிக்கும் வேலை. "மாமா, வரிசை மட்டமா இருக்கான்னு சந்தேகமா இருக்கு. ஒட்டட்டுமா வேண்டாமா?"

மனைவி கடைக்குப் போயிருந்தாள். மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்கூடத்தில் நிமிர்ந்து நின்று, கண்ணுக்குள்ளிருந்த கோட்டைச் சுவரின் வரிசையோடு பொருத்திப் பார்த்தார். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். எல்லாம் கச்சிதம். மனசு நிறைந்து வீடு திரும்பினார். சில நாள் கழித்து ஓரத்திலிருந்து மறுபடி கறுப்புத் திரை இறங்கியது.

குட்டு, அவர் பள்ளிக்கூடம் போய்வந்த அன்று சாயங்காலமே வெளிப்பட்டிருந்தது. மச்சான் அக்காவிடம், "மாமா வந்து பாத்தாருக்கா, சுவர் சூப்பரா வந்திருக்கு" என்று சந்தோஷமாக உளறிக் கொட்டினான். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் திட்டியது புருஷனைத்தான்.

"அவன் எதுக்கு போன் பண்ணான்? பன்னெண்டு வருஷமா ஒரு முடிவு எடுக்க அவனை விட்டிருக்கீங்களா? ஒரு கல்லு ஒட்டணும்னா உங்க கண்ணு வேணும். இப்ப அந்தக் கண்ணுக்கே வேட்டு வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கீங்க." சொல்லிக்கொண்டே அழுதாள்.

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண்ணுக்குள் தழும்புச் சவ்வு வளர்ந்து, திரையைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தது. "சிக்கலான கேஸ். தழும்பு சில பேருக்குத் தானாவே வரும், நீங்க நிமிந்ததுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களால ஆன உதவியை நீங்க பண்ணிட்டீங்க."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாமலே குனிந்தது அதுதான் முதல் தடவை. "இப்ப என்னம்மா பண்ணுவீங்க?"

"மூணு சின்னத் துளை போட்டு உள்ள போவேன். சவ்வை உரிச்சு எடுக்கணும். சுருங்கின திரையைக் கனமான ஒரு திரவத்தை விட்டு நீவி விடணும். சுத்தி லேசர் வெச்சு ஒட்டணும். கடைசியா வாயுவுக்குப் பதிலா சிலிக்கான் எண்ணெய். அது அங்கேயே இருக்கும், சில மாசம் கழிச்சு எடுப்போம். இதுக்கும் கொஞ்ச நாள் கவுந்துதான் கிடக்கணும்."

"பிடிக்குமா?"

"பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். இதுவும் கழண்டா அடுத்ததுக்கு எனக்கு நம்பிக்கை இல்ல. இருக்கறது ஒரே கண்ணு மேஸ்திரி."

எத்தனையோ பேரிடம் மேஸ்திரியே சொல்லியிருக்கிறார், ஒரு தடவை கழன்ற இடத்தில் மறுபடி கல் நிற்க வைப்பது எவ்வளவு பாடு என்று.

ஆபரேஷன் அன்று மரத்துப்போக ஊசி போட்டு, முகத்தைத் துணியால் மூடினார்கள். வலி இல்லை, நினைவு இருந்தது. உள்ளே கருவிகள் நடமாடுவது நிழல் நிழலாகத் தெரிந்தது. ஊசி முனை போன்ற ஏதோ ஒன்று சவ்வின் விளிம்பைத் தேடித் தேடித் தூக்குவதைப் பார்த்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஓரத்துல இருந்து வாங்கம்மா. நடுவுல நெம்பினா அடிக்கல்லு உடையும்."

"மேஸ்திரி, நீங்க பேசினா தலை ஆடுது" என்றார் டாக்டரம்மா. "நான் ஓரத்துல இருந்துதான் வர்றேன்."

அதற்குப் பிறகு அவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். அந்த நிழல் கொஞ்சம்கூட அவசரப்படாமல், இழுக்காமல், கிழிக்காமல் உரித்துக்கொண்டே போனதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மரியாதை பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு கை தன்னிடம் வேலைக்கு இருந்திருந்தால், என்று நினைத்தார். ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா?

வார்டில் கவிழ்ந்து கிடந்தபோது இரண்டு வெள்ளைச் செருப்புகள் வந்து முகத்துக்கு நேரே நின்றன.

"என்னைத் தெரியுதா மேஸ்திரி?"

"செருப்பு மட்டும்தான் தெரியுது சிஸ்டர்."

"நான் இங்க தலைமை நர்ஸ். ஆறு வருஷம் முன்னாடி என் சமையலறைக்குக் கல்லு போட்டுட்டு, சாவியை எடுத்துட்டுப் போனீங்களே. என் மாமியாரோட பல்செட்டு உள்ள மாட்டிக்கிச்சு. மூணு நாள் பல்லில்லாம என்னைத் திட்டினாங்க. ஒரு வார்த்தை புரியல, அது ஒண்ணுதான் எனக்கு லாபம்." செருப்புகள் ஒரு அடி கிட்டே வந்தன. "அன்னைக்கு நான் கெஞ்சினப்போ என்ன சொன்னீங்க?"

மேஸ்திரி தலையணைக்குள் முனகினார். "கல்லு பிடிக்கணும்."

"பிடிக்கணும்ல? உங்க வீடு எங்க தெருவுக்கு அடுத்த தெருதான். டிஸ்சார்ஜ் ஆனாலும் தினம் வந்து சொட்டு மருந்து நானே போடுறேன்."

சொன்னபடியே வந்தாள். முதல் நாளே மேஸ்திரியின் சட்டைகளையும் வெளியே போகும் செருப்பையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நேரம் காலம் இல்லாமல் வந்து எட்டிப் பார்ப்பாள். மனைவிக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டில் இவ்வளவு நாளாகத் தனக்கு ஒரு ஆள் பலம் இல்லையே என்ற குறை தீர்ந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார்கள்.

மேஸ்திரி கட்டிலில் குப்புறப் படுத்து, விளிம்பில் நெற்றியைத் தலையணைமேல் முட்டுக் கொடுத்துக் கிடந்தார். எதிரே தரை. எண்ணெய்க்குள்ளிருந்து பார்ப்பதால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் நாள் போகப் போகக் கல்லின் நிறமும் இணைப்புக் கோடும் தெரிய ஆரம்பித்தன. தன் வீட்டுத் தரையை மேஸ்திரி முதல் முதலாக உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

பார்த்தால் பகீரென்றது. எல்லா வேலையிலும் மிஞ்சிய கற்களைக் கொண்டுவந்து, பொழுது கிடைத்தபோது ஒப்பேற்றிய தரை அது. இங்கே வெள்ளை, அங்கே பூப்போட்டது, நடுவில் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைப் பச்சை. கை எட்டும் தூரத்தில் விரலை மடக்கித் தட்டினார். டொக். பக்கத்துக் கல், அதுவும் டொக். கட்டிலடியிலிருந்து வாசற்படி வரை ஒரு வரிசை முழுக்க அடியில் வெறுமையாக இருந்தது.

"ஏய், இங்க வாயேன். இது எப்பலேருந்து இப்படி?"

"நான் பத்து வருஷமா சொல்றேன். 'நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்'னு சொல்றீங்க" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் போயிற்று. கண்ணை மூடினாலும் டொக், திறந்தாலும் டொக். தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்துவிட்டது. கடைசியில் மனைவிதான் முடிவெடுத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். "அந்த வரிசையை எடுத்துட்டுப் போட்டுக் குடுடா. இல்லன்னா இந்த மனுஷன் ராத்திரி எழுந்து தானே நெம்பிடுவார்."

நர்ஸ் நிபந்தனை போட்டாள். உடைக்கும்போது மேஸ்திரி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். கல் வெட்டுவதெல்லாம் வீட்டுக்கு வெளியே. தூசி போக ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் அவரை உள்ளே விடலாம். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பழைய வரிசையைப் பெயர்த்தான், அடித்தளத்தைச் சுத்தம் செய்தான், ஒரே நிறத்தில் புதுக் கற்களாக வாங்கிவந்து பதித்தான். ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி உட்கார வைத்தான்.

மேஸ்திரியைத் திரும்பவும் அழைத்து வந்தார்கள். மச்சான் கலவைக் கையோடு ஓரமாக நின்றான். "மாமா, சரியா இருக்கா?"

மேஸ்திரி குனிந்த தலையோடு வரிசையைப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் எந்தத் தரையும் நல்ல தரைதான். மட்டம் தெரிய வேண்டுமானால் மண்டிபோட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, நெடுகப் பார்க்க வேண்டும். முழங்கால் தானாக மடங்கிவிட்டது. இரண்டு கையும் தரையில் ஊன்றிவிட்டன. கன்னம் சாயவேண்டியதுதான் பாக்கி; சாய்ந்தால் கண்ணுக்குள் எண்ணெயும் இடம் மாறும். ஒரு நொடி வேலை. ஒரே ஒரு நொடி.

நர்ஸ் தடுக்கவில்லை. மனைவியும் தடுக்கவில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரிக்கு அவளுடைய பாதங்கள் தெரிந்தன. கட்டைவிரல் தரையை அழுத்தி அழுத்தி வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு எவ்வளவு பயம் என்பது அந்த விரலைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தனக்கும் அதே பயம்தான் என்பதும் உறைத்தது.

தலையைத் தூக்காமலே கூப்பிட்டார். "டேய்."

"மாமா?"

"நீ பாரு."

மச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நானா?"

"பின்ன, பூனையா? படுத்துப் பாருடா."

மச்சான் மெல்ல மண்டிபோட்டான். வழுக்கைத் தலை மேஸ்திரியின் முகத்துக்குக் கீழே வந்தது. கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, ரசமட்டத்தின் வாயிலிருந்து முதல் பாராட்டும் கிடைக்கும். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"வாசல்ல இருந்து ரெண்டாவது கல்லு ஒரு நூல் தூக்கல், மாமா. எடுத்துட்டுத் திரும்பப் போடணும்."

மேஸ்திரியின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மருந்துச் சொட்டுதான் என்று பிற்பாடு சாதித்தார். யாரும் நம்பவில்லை.

மச்சான் அந்தக் கல்லை எடுத்து, அடியில் சுரண்டி, மறுபடி பதித்தான். மறுபடி படுத்துப் பார்த்தான். திருப்தியானதும் நர்ஸை வெளியே போகச் சொன்னான். தானும் வெளியே வந்தான். வாசலுக்குக் குறுக்கே பலகையை வைத்தான், கதவைச் சாத்தினான், பூட்டினான். சாவி அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. உள்ளே மாமாவும் அக்காவும்.

"டேய், என்னடா பண்ற?" என்று அக்கா கத்தினாள்.

"கல்லு பிடிக்கணும்க்கா. குளியலறைதான் உள்ளேயே இருக்கே. சாப்பாடு ஜன்னல் வழியா வரும்."

வந்தது. சாப்பாடும் வந்தது, சொட்டு மருந்தும் வந்தது. நர்ஸ் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று மருந்தை நீட்ட, மனைவி வாங்கிப் போட்டாள். "கல்லு பிடிக்கணும்னு ஊரையெல்லாம் அலைய விட்டீங்களே, இப்ப நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று அவள் புலம்பினாள். மேஸ்திரி கவிழ்ந்தபடியே சாப்பிட்டார். பால் வந்தபோது மட்டும், "அந்தப் பூனை இப்ப எங்க இருக்கோ" என்றார்.

ஆனால் மறுநாள்தான் பெரிய வம்பு வந்தது. அன்று காலை டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார், திரை ஒட்டியதா இல்லையா என்று பார்க்கும் நாள். அதை மச்சான் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை. நர்ஸ் கதவைப் போட்டு இடித்தாள்.

"சாவியைக் குடுய்யா! டாக்டர் காத்திருக்காங்க!"

"நாளைக்குக் காலை வரைக்கும் மிதிக்கக் கூடாது சிஸ்டர்."

"கண்ணு முக்கியமா, கல்லு முக்கியமா?"

மச்சானின் கை சட்டைப் பைக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவன் சொல்றது சரிதான் சிஸ்டர். தெறக்காதடா!"

நர்ஸ் போனை எடுத்து டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் ஓயக் கொஞ்ச நேரமாயிற்று. "கவுந்தே கிடக்காரா? நிமிரவே இல்லையா? அப்ப நாளைக்கு வரட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. போன தடவையே அந்த ஆளை நான் பூட்டி வெச்சிருக்கணும்."

மறுநாள் கதவு திறந்தது. மேஸ்திரி குனிந்த தலையோடு புது வரிசை ஓரம் உட்கார்ந்து, விரலை மடக்கி, வாசலிலிருந்து இரண்டாவது கல்லைத் தட்டினார். டங். கட்டியாக, கனமாக, டங். அதை மிதித்து வெளியே நடந்தார்.

டாக்டரம்மாவின் அறையில் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். அவர் விளக்கை ஒரு கோணத்தில் வைத்துப் பார்த்தார், இன்னொரு கோணத்தில் பார்த்தார். மேலே பார்க்கச் சொன்னார், கீழே, இடது, வலது. மனைவி தம்பியின் கையை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். மச்சானோ, ஒரு நாள் தாமதத்தில் ஏதாவது ஆகியிருந்தால் இந்த ஜென்மத்தில் தனக்கு மன்னிப்பே இல்லை என்று நின்றான்.

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று கையைத் தூக்கினார். "இது எத்தனை விரல் மேஸ்திரி?"

மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். புருவத்தை நெரித்தார்.

"மூணு" என்றார். "ஆனா நடுவிரல் ஒரு நூல் சாஞ்சிருக்கு."

டாக்டரம்மா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்ன வயசுல கதவு இடுக்குல மாட்டினது. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல." அப்புறம்தான் சிரித்தார். "பிடிச்சிருச்சு மேஸ்திரி. சுத்திலும் நல்லாப் பிடிச்சிருச்சு."

மனைவி ஓவென்று அழுதேவிட்டாள். நர்ஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடினாள். மச்சான் மட்டும் நம்ப முடியாமல், வாயைப் பிளந்துகொண்டு, டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரி அவன் பக்கம் கையை நீட்டித் துழாவி, அவன் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"ஒரு நூல்தானே? நீ பாத்துச் சொல்லுடா."

மச்சான் கிட்டே போனான். தலையைச் சாய்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை நெடுகப் பார்த்தான்.

"ஒண்ணு இல்ல மாமா," என்றான். "ஒன்றரை."